கோட்டை எத்தனை நாளில் விழ வேண்டும்?

‘மெடீவல் 3’ வருகிறது. ரசிகர்களின் ஆசை, பயம் இரண்டுமே ஆட்டத்தின் வேகத்தைப் பற்றியவை.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. வாசுதேவநல்லூர்க் கோட்டையை யூசுப் கான் முற்றுகையிட்டிருக்கிறார். மருதநாயகம் என்றால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1997-ல் தொடங்கி முடியாமலே நின்றுபோன கமல் படத்தின் நாயகன். முற்றுகை போடுவதில் கைதேர்ந்தவர் என்று கும்பினியாரே நம்பிய தளபதி. எதிரே நின்றதோ பாளையக்காரர் பூலித்தேவரின் மண்கோட்டை. கருங்கல் கிடையாது. ஆனால் ஈரமண்ணை அடுக்கடுக்காக வைத்து இறுக்கி எழுப்பிய சுவர், செங்கல் கட்டடத்துக்குச் சளைக்காத கெட்டி. வெளியே அடர்ந்த முள்வேலி. சுவரை உடைக்க யூசுப் கான் கொண்டுவந்த பெரிய பீரங்கி வெடித்துப் பயனற்றுப் போனது. அந்த நேரத்தில் நெற்கட்டும்செவல் பக்கமிருந்து பூலித்தேவர் தேர்ந்தெடுத்த வீரர்களோடு வந்து முகாமின் மேல் பாய்ந்தார். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கும் தெம்பு வந்தது. முற்றுகையைக் கலைத்துவிட்டு யூசுப் கான் திருநெல்வேலிக்குத் திரும்பினார். பிறகு பெரிய பீரங்கிகளோடு மறுபடி வந்துதான் பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடிக்க முடிந்தது.

தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில் கடையநல்லூர், புளியங்குடி தாண்டி வாசுதேவநல்லூரில் இறங்குகிறவர்களில் பலருக்கு இது கோட்டை இருந்த ஊர் என்பது தெரியாது. சிந்தாமணிநாதர் கோயில் தெரியும், சர்க்கரை ஆலை தெரியும். ஆனால் இதே வட்டாரத்தில், இரவு பத்து மணிக்கு மேல் லேப்டாப்பிலோ கைபேசியிலோ ஐரோப்பாவின் கோட்டைகளை முற்றுகையிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் வந்தபிறகும், கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை என்று சென்னை, பெங்களூரு பிள்ளைகள் ஊர் திரும்பியபிறகும் இந்தக் கூட்டம் கொஞ்சம் பெருகியது. அவர்களைப் போன்றவர்கள் உலகம் முழுக்க பல ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்த செய்தி 2025 டிசம்பரில் வந்தது. ‘டோட்டல் வார்’ கணினி விளையாட்டு வரிசையின் இருபத்தைந்தாம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தின் ஹார்ஷம் நகரிலுள்ள கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் ‘டோட்டல் வார்: மெடீவல் 3’ வரப்போவதாக அறிவித்தது.

அறிவித்ததோடு இன்னொன்றையும் சொன்னார்கள். வேலை மிக ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறது. ரசிகர்களோடு பேசிக்கொண்டே உருவாக்க விரும்புகிறோம். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் சொல்கிறோம். வெளியீட்டுத் தேதி எதுவும் சொல்லவில்லை. முந்தைய ‘மெடீவல் 2’ வந்தது 2006 நவம்பரில். ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளி. அன்று பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டு இணைய மையத்தில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியவர்களுக்கு இன்று பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் இருக்கும்.

வியூக விளையாட்டு தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ‘டோட்டல் வார்’ விளையாட்டுகளுக்கு இரண்டு தளம். ஒன்று, வரைபடத்தின்மேல் முறை முறையாக ஆடுவது. நாட்டை ஆள்கிறீர்கள், வரி போடுகிறீர்கள், கட்டடம் எழுப்புகிறீர்கள், படையை நகர்த்துகிறீர்கள். முடித்ததும் டர்ன் அடுத்தவருக்குப் போகும். இரண்டாவது, இரண்டு படைகள் மோதும்போது திறக்கும் போர்க்களம். அங்கே நேரம் நிற்காது. ஆயிரக்கணக்கான வீரர்களை அந்தக் கணத்திலேயே நடத்த வேண்டும். ஆகவே வேகம் என்ற கேள்வி இரண்டு இடத்தில் எழுகிறது: ஒரு டர்ன் என்பது எத்தனை காலம், ஒரு போர் எத்தனை நிமிஷம். ரசிகர்களின் ஆசையும் கவலையும் இந்த இரண்டு கேள்வியைச் சுற்றித்தான்.

பழைய ‘மெடீவல் 2’-ல் ஒரு முற்றுகை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். இங்கிலாந்தாக ஆடத் தொடங்குகிறீர்கள். ஆண்டு 1080. கையில் லண்டன், நாட்டிங்ஹாம், கடல் தாண்டி கான். வடக்கே யார்க் நகரம் யாருக்கும் அடங்காமல் கிடக்கிறது. ஸ்காட்லாந்துக்காரனும் அதன்மேல் கண் வைத்திருக்கிறான். நாட்டிங்ஹாமிலிருந்து படையை நகர்த்தி யார்க்கைச் சுற்றி வளைக்கிறீர்கள். திரையில் ஒரு பலகை விரியும். உள்ளே இருப்பவர்கள் இன்னும் எத்தனை டர்ன் பட்டினியைத் தாங்குவார்கள் என்று ஓர் எண். பக்கத்தில் நீங்கள் செய்யக்கூடிய கருவிகள்: ஏணி, கதவை இடிக்கும் முட்டி, சக்கரம் வைத்த கோபுரம். படையின் அளவுக்கு ஏற்ப ஒரு டர்னில் இத்தனைதான் செய்ய முடியும். ஏணி மட்டும் போதுமா, முட்டியும் வேண்டுமா, கோபுரத்துக்காக இன்னொரு டர்ன் உட்காருவதா? உட்கார்ந்தால் ஸ்காட்லாந்துப் படை வந்து முதுகில் இறங்கலாம். உள்ளே இருப்பவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாயலாம். உட்காராமல் ஏறினால் சுவரில் பாதிப் படை போய்விடும்.

வாசுதேவநல்லூரில் யூசுப் கானுக்கு நடந்தது இதுதான். கருவி பழுதாகிவிட்டது, காத்திருக்க வேண்டியதாயிற்று, காத்திருந்தபோது பின்னாலிருந்து அடி விழுந்தது. இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு கணினி விளையாட்டு, ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்து செய்தது, வாசுதேவநல்லூரில் நடந்ததன் தர்க்கத்தை அப்படியே பிடித்துவைத்திருந்தது. முற்றுகையில் ஆயுதத்தைவிடப் பொழுதுதான் பெரிய பகை என்று அதைச் செய்தவர்களுக்குப் புரிந்திருந்தது. எனக்கு இந்த விளையாட்டின்மேல் இருக்கும் மதிப்புக்கு முதல் காரணம் இதுதான்.

பின்னால் வந்த விளையாட்டுகளில் அந்தப் புரிதல் கரைந்தது. 2011-ல் வந்த ‘ஷோகன் 2’-ல் வீரர்கள் சுவரை வெறுங்கையால் ஏறினார்கள். அதையாவது ஜப்பானியக் கோட்டைகளின் சரிந்த அடித்தளத்தைச் சொல்லி ஒப்புக்கொள்ளலாம். 2016-ல் தொடங்கிய ‘வார்ஹாமர்’ வரிசையில் காலாட்படை சுவர் பக்கம் போனாலே கையில் ஏணி முளைத்தது. எங்கிருந்து வந்தது, யார் செய்தது, எத்தனை நாள் ஆனது, எதுவும் கிடையாது. வந்த டர்னிலேயே ஏறலாம், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கோட்டை உங்கள் கையில். மந்திரவாதிகளும் ராட்சதர்களும் உலவும் கற்பனை உலகத்தில் அது பொருந்தலாம். அந்தப் பழக்கம் இடைக்கால ஐரோப்பாவுக்கும் வந்துவிடுமோ என்பதுதான் ‘மெடீவல் 3’ ரசிகர்களின் முதல் பயம்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு டர்ன்

இரண்டாவது பயம் டர்ன் கணக்கு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வெறும் எண் சண்டையாகத் தெரியும். ஆடுகிறவர்களுக்கு இதுதான் உயிர்.

‘மெடீவல் 2’ 1080-ல் தொடங்கி 1530-ல் முடிகிறது. 450 ஆண்டு, ஒரு டர்னுக்கு இரண்டு ஆண்டு, ஆக 225 டர்ன். ஆனால் மனிதர்களுக்கு ஒரு டர்னில் அரை வயதுதான் கூடும். பதினாறு வயதில் களத்துக்கு வரும் இளவரசன் அறுபதில் சாகிறான் என்றால், அவன் 88 டர்ன் வாழ்கிறான். நாட்காட்டிப்படி அதற்குள் 176 ஆண்டு ஓடியிருக்கும். கணக்குப் பிழை என்று தோன்றும். தெரிந்தே செய்த சமரசம் அது. இரண்டு ஆண்டுக்கு இரண்டு வயது என்று கூட்டியிருந்தால் அந்த இளவரசன் இருபத்திரண்டு டர்னில் செத்திருப்பான். படையை இங்கிலாந்திலிருந்து ஜெருசலேமுக்குக் கொண்டுபோவதற்குள் பாதி ஆயுள் கழிந்துவிடும். அவன் வீரனா கோழையா, பக்திமானா குடிகாரனா என்று ஆடுகிறவர் மனதில் ஒட்டுவதற்கு முன்பே மகன் வந்துவிடுவான்.

2013 செப்டம்பரில் வந்த ‘ரோம் 2’ அதைத்தான் செய்தது. ஆண்டுக்கு ஒரே டர்ன். தளபதிகள் பெயர் தெரியுமுன் கிழவர்களானார்கள். போர்க்களத்திலும் அதே ஓட்டம்: படைகள் ஓட்டப்பந்தயம்போல் பாய்ந்தன, மோதிய கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் சிதறி ஓடியது. குதிரைப்படையைச் சுற்றி அனுப்பி முதுகில் இறக்கலாம் என்று நினைத்தால், அது போய்ச் சேருவதற்குள் போர் முடிந்திருக்கும். திட்டமிட இடமில்லாத போரில் வியூகம் எங்கே இருக்கும்? வெளியானபோது பிழைகளும் மலிந்திருந்ததால் ரசிகர்கள் கொதித்தார்கள். நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. பேட்ச் மேல் பேட்ச் போட்டு வேகத்தைக் குறைத்தார்கள். அதோடும் நிற்காமல் ரசிகர்கள் தாங்களே களத்தில் இறங்கினார்கள். ‘டிவைட் எட் இம்பெரா’ என்ற மோட், ஆண்டுக்கு நான்கு டர்ன், பருவகாலம், படைக்குச் சோறு போய்ச் சேரும் கணக்கு, நிதானமான போர் என்று விளையாட்டையே புதிதாகச் செய்தது. சம்பளம் வாங்காத மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த வேலை. ரசிகர்களுக்கு எந்த வேகம் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

அதற்காக மெதுவாக இருப்பதெல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். ‘மெடீவல் 2’-ன் மந்தத்தில் பாதி, குறைபாடு. குதிரைப்படைக்குப் பாயச் சொன்னால் முதலில் வரிசையைச் சரிசெய்துகொண்டு நிற்கும். நகரத் தெருக்களில் படை வழி தெரியாமல் முட்டும். கணினி நடத்தும் எதிரிப்படை அம்பு மழையில் நனைந்துகொண்டு அசையாமல் நிற்பதும் உண்டு. இருபது ஆண்டு கழித்து அந்த நாட்களை நினைத்து உருகுகிறவர்கள் இதையெல்லாம் மறந்துவிடுகிறார்கள். பழைய விளையாட்டை அப்படியே திருப்பிக் கொடுங்கள் என்ற கோரிக்கை எனக்கு ஏற்புடையது அல்ல.

அதைவிடப் பெரிய குறை, கடைசிப் பாதி. பெரும்பாலான நாடுகளுக்கு 45 பிரதேசம் பிடித்தால் வெற்றி. ஆனால் முப்பதை எட்டும்போதே உங்களை எதிர்க்க ஆள் இருக்காது. எண்பதாவது டர்னிலேயே முடிவு தெரிந்துவிடும். அதன்பிறகு கோட்டை கோட்டையாகப் போய்க் கைவைக்கும் குமாஸ்தா வேலை. இதில் பெரிய சோகம், விளையாட்டின் மிக அழகான பகுதிகள் அந்தக் கடைசிப் பாதியில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. துப்பாக்கிப் படை, பெரிய பீரங்கி, யானைகளோடு வரும் தைமூரின் படை, அமெரிக்காவுக்குக் கடல்வழி. இவற்றைக் கண்ணால் பார்க்காமலே ஆட்டத்தை மூடிவைத்தவர்கள் ஏராளம். சேவ் ஃபைல்களைத் திறந்து பார்த்தால் நூறாவது டர்னுக்கு முன்பே கைவிடப்பட்ட சாம்ராஜ்யங்கள் வரிசையாகக் கிடக்கும்.

ஆக ரசிகர்கள் கேட்பது ஒரு சிக்கலான பொருள். முன்பாதி ஓடக்கூடாது, பின்பாதி இழுக்கக்கூடாது. போர் நிதானமாக இருக்க வேண்டும், டர்ன் முடியத் தாமதமாகக் கூடாது. இந்தக் கடைசி விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் கவலை. விலையுயர்ந்த கணினி இல்லாதவர்கள் ‘டர்ன் முடி’ பொத்தானை அழுத்திவிட்டு, இருபது முப்பது நாடுகள் தங்கள் முறையை ஆடி முடிக்கும்வரை திரையைப் பார்த்தபடி உட்கார வேண்டும். யோசிக்கும் நேரம் இன்பம். லோடிங் நேரம் தண்டனை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற விமர்சகர்கள் உண்டு, அது சரியல்ல.

நம் இடம் எங்கே?

தமிழ் ரசிகர்களுக்கு இன்னோர் ஆசையும் இருக்கிறது. வரைபடம் இந்தியா வரை நீள வேண்டும். ‘மெடீவல் 2’-ன் வரைபடத்தில் நாம் இல்லை. 1080-ல் இங்கே முதலாம் குலோத்துங்கன் ஆட்சி. அடுத்த 450 ஆண்டில் சோழர் மறைவு, பாண்டியர் எழுச்சி, மாலிக் காபூர், மதுரை சுல்தான்கள், விஜயநகரம் என்று தென்னகம் கண்ட போருக்குக் குறைவே இல்லை. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனும் இந்தக் காலத்துக்குள்தான் வருகிறான். ‘மெடீவல் 3’ வரைபடத்தின் எல்லை எது என்று அறிவிப்பில் சொல்லவில்லை.

நம் மண் இந்த வரிசையில் ஒரு முறை இடம்பெற்றிருக்கிறது. 2009-ல் வந்த ‘எம்பயர்’ 1700 முதல் 1799 வரையிலான நூற்றாண்டை எடுத்துக்கொண்டது. ஐரோப்பா, அமெரிக்காவோடு இந்தியாவும் ஒரு களம். மராட்டியர், முகலாயர், மைசூர் எல்லாம் உண்டு. பூலித்தேவர், யூசுப் கான், கட்டபொம்மன் மூவரும் வாழ்ந்த அதே நூறு ஆண்டு. ஆனால் தெற்கத்திச் சீமை முழுவதும் ஒரு சில பெரிய பிரதேசங்களுக்குள் அடங்கிப்போனது. பாளையம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பெரிய போர், ஒரு தலைநகர் விழுந்தது, பிரதேசம் கைமாறியது, முடிந்தது கதை. இங்கே நிஜத்தில் நடந்தது வேறு மாதிரி. 1755-ல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் வாசலுக்கு வந்து கப்பம் கேட்டார், கிடைக்காமல் திரும்பினார். பிறகு யூசுப் கான் தோற்றார், 1761-ல் பிடித்தார். 1764-ல் அவரையே மதுரையில் தூக்கிலிட்டார்கள். அதன்பிறகும் இந்த வட்டாரம் அடங்கவில்லை. 1767-ல் கர்னல் கேம்பெல் வாசுதேவநல்லூரை மறுபடி முற்றுகையிட வேண்டியிருந்தது. பீரங்கி பிளந்த சுவரை உள்ளே இருந்தவர்கள் பனைமட்டையும் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தபடியே இருந்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் அப்படித் தாங்கினார்கள். பிறகு பெருமழை கொட்டிய இரவில் கோட்டையைவிட்டு வெளியேறிக் காட்டுக்குள் போய்விட்டார்கள். கேம்பெலுக்குக் கோட்டை கிடைத்தது, ஆட்கள் கிடைக்கவில்லை.

வியூக விளையாட்டு செய்கிறவர்கள் கற்றுக்கொள்ள இதில் எவ்வளவோ இருக்கிறது. சுவரில் விழுந்த உடைப்பை இரவோடிரவாக அடைக்கும் வசதியை எந்த ‘டோட்டல் வார்’ விளையாட்டும் சரியாகத் தந்ததில்லை. மழை வந்தால் முற்றுகை என்ன ஆகும், கோட்டையை விட்டுவிட்டுப் படையைக் காப்பாற்றலாமா, பிடித்த கோட்டை மூன்று ஆண்டு கழித்து மறுபடி எழுந்தால் என்ன செய்வது? பின்பாதி சலிப்பதற்குக் காரணமே, பிடித்தது பிடித்ததாகவே இருந்துவிடுவதுதான். பிடிப்பதைவிடக் காப்பது கடினம் என்று ஆக்கிவிட்டால் எண்பதாவது டர்னுக்குப் பிறகும் ஆட்டத்தில் உயிர் இருக்கும். கும்பினிக்காரன் இந்தச் சீமையில் பட்ட பாடு அதுதானே.

வேகத்துக்காக நம் வரலாற்றை நறுக்கிய உதாரணமும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன் 7’ சோழர்களைச் சேர்த்தது. தமிழர்கள் பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் நீண்ட ஆட்டம் பாதியில் சலிக்கிறது என்ற பழைய புகாரைத் தீர்க்க, அதைச் செய்த ஃபிராக்ஸிஸ் நிறுவனம் ஆட்டத்தை மூன்று யுகங்களாக வெட்டியிருந்தது. ஒவ்வொரு யுகத்துக்கும் வேறு நாகரிகம். சோழர் நடு யுகத்தில் மட்டும். வெளியானபோது முதல் யுகத்தில் சோழராகத் தொடங்கவும் முடியவில்லை, கடைசி யுகத்தைச் சோழராக முடிக்கவும் முடியவில்லை. கப்பல் கட்டி, துறைமுகம் அமைத்து, தூரதேசத்தில் குடியேறி, ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் யுகம் முடிந்தது என்று திரை மாறிவிடும். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்; ஒரே நாகரிகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஆடும் வழியைச் சோதிக்கப்போவதாக நிறுவனமே பிறகு சொல்ல வேண்டி வந்தது. ‘மெடீவல் 3’ செய்கிறவர்கள் இந்தப் பாடத்தைப் படித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். நீளம் சலிக்கிறது என்பதற்கு மருந்து, நீளத்தை வெட்டுவது அல்ல.

நேர்மாறான உதாரணம் 2022 ஏப்ரலில் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-ன் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’. திராவிடர் என்ற நாகரிகம், தமிழ் பேசும் வீரர்கள், உருமி வாள்வீரன், திரிசடைக் கப்பல், ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கேம்பெயின். அது அடிப்படையிலேயே வேகமான விளையாட்டு. ஆனால் தனியாக ஆடும்போது எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை ஆடுகிறவரே தேர்ந்தெடுக்கலாம். 1999-ல் பிறந்த விளையாட்டு இன்னும் சாகாமல் இருப்பதற்கு இந்த மரியாதையும் ஒரு காரணம்.

சதுரங்கம் தெரிந்த மாநிலத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது மணிக்கணக்கில் நீண்ட ஆட்டங்களைப் பார்த்தோம். அதே வீரர்கள் மூன்று நிமிஷ பிளிட்ஸும் ஆடுகிறார்கள். இரண்டுக்கும் ரசிகர் உண்டு, இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ‘மெடீவல் 3’-க்கும் அந்த வழி சாத்தியம்தான். ஆண்டுக்கு ஒரு டர்னா, இரண்டா, நான்கா என்று தொடக்கத்திலேயே தேர்வு கொடுக்கலாம். போர் வேகத்துக்கும் அப்படி ஒரு அளவுகோல் வைக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: படைகள் ஓடும் வேகத்தை மட்டும் குறைத்துவிட்டுச் சாகும் வேகத்தை அப்படியே விட்டால் பயன் இல்லை. ஒரு படை எவ்வளவு நேரம் நின்று தாங்கும் என்பதுதான் போரின் உண்மையான நீளம்.

அவசரமாக ஆடுகிறவர்கள் கூட்டமும் பெரிதுதான் என்பதை நிறுவனம் மறக்க முடியாது. ‘மெடீவல் 2’ 2022-ல் கைபேசிக்கு வந்தது. பேருந்தில் புளியங்குடியிலிருந்து தென்காசி போவதற்குள் இரண்டு டர்ன் ஆடி வைக்கிறவர்களுக்கு அரைமணி நேரப் போர் ஒத்துவராது. அவர்களுக்கும் இந்த விளையாட்டு சொந்தம். முறை முறையாக ஆடும் விளையாட்டின் வசதியே எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதுதான்; இவர்களுக்காகப் போரைச் சுருக்க வேண்டிய அவசியம் இல்லை.

உருவாக்கத்தின் ஆரம்பத்திலேயே ரசிகர்களின் பேச்சைக் கேட்கிறோம் என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது. டர்ன் கணக்கு, மனிதர்களின் வயது, முற்றுகைக் கருவி செய்யும் காலம் போன்றவை அடித்தளத்தில் வைக்கும் கற்கள். கட்டடம் எழும்பியபிறகு பேட்ச் போட்டு மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதை ‘ரோம் 2’ காட்டிவிட்டது. எனவே இந்த விளையாட்டை நேசிக்கிற தமிழ் ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வேண்டியதை இப்போதே அவர்களுக்கு எழுதுங்கள். ஏணி செய்ய ஒரு டர்ன் வேண்டும் என்று எழுதுங்கள், உடைந்த சுவரை அடைக்க வழி வேண்டும் என்று எழுதுங்கள், வரைபடத்தில் தென்னகம் வேண்டும் என்று எழுதுங்கள். வெளியீட்டு நாள் நெருங்கும்போது முன்பதிவுக்கு ஆசைகாட்டுவார்கள். ஒரு முழுப் போரையும் ஒரு முழு முற்றுகையையும் வெட்டாமல் ஆடிக் காட்டும்வரை பணம் கட்டாதீர்கள்.